கயிறு கட்டிய மறுநாள்

அன்று காலை எங்கள் பயிற்சி அறையில் இருந்தவர்கள்: தேவி, அவளுடைய மாமியார் அஞ்சலை, தேவியின் மூன்று வயது மகன் சரண், எங்கள் டீச்சர், அப்புறம் நான். தேவிக்கு ஆறு மாதம் முடிந்திருந்தது. ஆகவே அவள் வயிற்றில் இருந்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் சேர்த்துக்கொள்வேன். தேவியின் கணவன் மோகன் இல்லை. விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தான்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் நீங்கள், "பிலோக்கா, ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டீர்கள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். திருவொற்றியூரில் நம் மையத்தில், வளர்ச்சி பின்தங்கிய சின்னக் குழந்தைகளைத் தூக்கவும் துடைக்கவும் வீடு தேடிப் போய்ப் பார்க்கவும் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கேஸ் அடுப்பை மூடினோமா என்று பஸ்ஸில் ஏறிய பிறகு இறங்கித் திரும்பிப் போய்ப் பார்க்கிற சுபாவம் எனக்கு. வீட்டில் அதற்காக என்னைத் திட்டாதவர்கள் கிடையாது. இதை எழுதும்போதும் நீங்கள் எதையாவது தப்பாகப் புரிந்துகொள்வீர்களோ என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

அஞ்சலை ஒரு டிபன் பாக்ஸ் நிறையக் கேசரி கொண்டுவந்திருந்தாள்.

"அல்லாரும் வாயத் தொறங்க. டீச்சரு, நீ மொதல்ல."

"என்ன விசேஷம் அஞ்சலக்கா?" என்றேன்.

"எம் மருமவ கயிறு கட்டிக்கினா. நேத்து சாயங்காலம். இனிமே அந்தச் சனியன் புடிச்ச மாத்திரையத் தொட மாட்டா. அம்மன் சாட்சி."

நீங்கள் இந்தப் பக்கத்து ஆட்களாக இருந்தால் கயிறு என்றால் தெரிந்திருக்கும். குடியை விட நினைப்பவர்கள் கோயிலில் போய் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். ஒரு மண்டலம் தொடக் கூடாது. மீறினால் குடும்பத்தில் ஒரு உயிருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. எங்கள் கடற்கரையில் மாதா கோயில் ஆட்களும் அந்தக் கயிற்றுக்குப் பயப்படுவார்கள். நானே பயப்படுவேன்.

தேவி தொட மாட்டேன் என்று சொன்னது குடியை இல்லை. வலி மாத்திரை. பெயரை இங்கே எழுத மாட்டேன். காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற ஒரு ஷெட்டில் அவளுக்கு வேலை. ஈரத் தரையில் நின்றுகொண்டு, ஐஸில் கையை விட்டு எடுத்து, மறுபடி விட்டு எடுத்து, பொழுதுக்கும் உரிக்க வேண்டும். விரல் மரத்து, இடுப்பு கழன்றுவிடும். அந்த ஷெட் மேஸ்திரி டீயோடு ஒரு மாத்திரை கொடுப்பான். போட்டால் வலி போய்விடும், கையும் வேகமாக ஓடும். கொஞ்ச நாளில் போடாவிட்டால் எழுந்திருக்கவே முடியாது. அதைப் போதை என்று அந்தப் பெண்கள் யாரும் நினைக்கவில்லை. 'வேலை மாத்திரை' என்றுதான் சொல்வார்கள்.

சரண் வயிற்றில் இருந்தபோதும் அவள் அதைப் போட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவன் பிறந்த மறுநாளிலிருந்து கிறீச்சென்று அழுதான். கைகால் வெடவெடவென்று நடுங்கியது. மார்பைப் பிடிப்பான், விட்டுவிடுவான். பட்சி தோஷம் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் தூளியை வேகமாக ஆட்டினார்கள், கிலுகிலுப்பை ஆட்டினார்கள், முகத்துக்கு நேரே விரலைச் சொடுக்கினார்கள். பாசத்தில் செய்ததுதான். ஒரு சின்னச் சத்தத்தையும் தாங்க முடியாத குழந்தையிடம் அத்தனை பேரும் சத்தமாக இருந்திருக்கிறார்கள். ஏன் நடுங்குகிறது என்று அவளை யாரும் கேட்கவில்லை; அவளும் சொல்லவில்லை.

டீச்சர் எனக்கு விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தாய் போடுவது கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும் மூளை, அந்த மருந்து இருப்பதுதான் உலகம் என்று பழகிக்கொள்கிறது. பிறந்ததும் கொடியை வெட்டுகிறோம். மருந்து சட்டென்று நிற்கிறது. அந்த நடுக்கமும் அழுகையும் அதனால். பிறகு சில குழந்தைகள் நன்றாக வந்துவிடுகிறார்கள். சிலருக்குத் தூக்கம், கவனம், பேச்சு இவற்றில் சிரமம் தங்கிவிடுகிறது. சரண் மூன்று வயதில் நாலைந்து சொல்தான் பேசுவான். ஒரு லாரி ஹாரன் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சுவரில் போய் ஒட்டிக்கொள்வான். ஆனால் ஒன்று. அவன் எடை குறைவாகப் பிறந்தவன், அவள் சரியாகச் சாப்பிடாதவள். "இதனால்தான் இப்படி" என்று ஒரு குழந்தையைப் பார்த்து விரல் நீட்டிச் சொல்ல ஆஸ்பத்திரி டாக்டரம்மாவே ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். யாரால் என்று தேடுவது நம் வேலை இல்லை.

மாத்திரையை எப்போதோ விட்டுவிட்டதாகத்தான் தேவி எங்களிடம் சொல்லியிருந்தாள். அந்த வாரம் தாய்மார் கூட்டத்தில் வெளியிலிருந்து வந்த ஒருவர் படம் போட்டுக் காட்டினார். நல்ல மூளை ஒரு பக்கம், கெட்டுப்போன மூளை ஒரு பக்கம். நல்லெண்ணத்தில்தான் காட்டினார். தேவி வீட்டுக்குப் போய் மாமியார் காலைப் பிடித்துக்கொண்டு அழுது, இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டாள். அஞ்சலை அடிக்கவில்லை. இழுத்துக்கொண்டு போய்க் கயிறு கட்டிவிட்டாள்.

இத்தனையும் அன்று காலை கேசரியோடுதான் எங்களுக்குத் தெரிந்தது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்பப் பெரிய விஷயம் தேவி" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தக் கை ஈரமாக இருந்திருக்க வேண்டும். டீச்சர் தன் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் நான் தேவியைச் சரியாகப் பார்த்தேன். கொட்டாவி விட்டுக்கொண்டே இருந்தாள். மூக்கு ஒழுகியது. ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து வேர்த்தாள். காலை மாற்றி மாற்றி வைத்தாள். கேசரியை விரலால் தொடக்கூட இல்லை.

"காய்ச்சலா தேவி?"

"இல்லக்கா. ஒடம்பு முறிச்சாப்ல கீது. வயிறு அப்பப்ப கல்லு மாதிரி ஆவுது."

"குழந்தை அசையுதா?"

அஞ்சலை முந்திக்கொண்டாள். "அசையுதாவா? வெடிஞ்சதுலேர்ந்து உதைச்சிகினே கீது! அதுக்கும் சந்தோசம், ஆத்தா சனியன வுட்டாளேன்னு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் படிப்பு கிடையாது, பயம்தான் உண்டு. டீச்சரை வாசல் பக்கம் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டேன். "டீச்சர், சரணுக்கு மருந்து சட்டுனு நின்னதால நடுக்கம் வந்துச்சுன்னு சொன்னீங்களே. இப்ப இவளுக்குச் சட்டுனு நின்னிருக்கு. உள்ளே இருக்கிறதுக்கும்தானே நின்னிருக்கும்? அப்ப அந்த உதை..."

டீச்சர் முகம் மாறிவிட்டது. அவர் என்னைவிட எவ்வளவோ படித்தவர். அவர் சொன்னது இதுதான்: "எனக்குத் தெரியாது பிலோக்கா. வாங்க, கேட்டுடலாம்." உடனே போனை எடுத்தார். பிள்ளைகளே, தெரியாது என்பதை அவ்வளவு சீக்கிரம் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். தெரிந்த மாதிரி நின்று யோசித்திருந்தால் இன்னும் நேரம் போயிருக்கும்.

டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "கர்ப்பத்துல தானா நிறுத்தினா ரெண்டு உயிருக்கும் ஆபத்து. முன்கூட்டியே வலி எடுத்துடலாம். இப்பவே கூட்டிட்டு வாங்க. பழைய மாத்திரைய நீங்க யாரும் எடுத்துக் கொடுத்துடாதீங்க. நாங்க பார்த்து, அளவா வேற மருந்து கொடுத்து, மெதுவாத்தான் இறக்கணும்."

இதைத்தான் பயந்து பயந்து எழுதுகிறேன். மாத்திரை போடு என்றும் நாம் சொல்லக் கூடாது, நிறுத்து என்றும் சொல்லக் கூடாது. கூட்டிக்கொண்டு போவது மட்டும்தான் நம் வேலை.

அதுதான் லேசில் நடக்கவில்லை. ஆஸ்பத்திரி என்றதும் தேவி சுவரோடு சாய்ந்துகொண்டாள்.

"அங்க இன்னா குடுப்பாங்க? மாத்திரதான? நா தொட மாட்டேன். கயிறு கட்டிகினு கீறேன்."

டீச்சர் பொறுமையாக விளக்கினார். அது வேறு, இது மருந்து, டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது என்றார். தேவி கேட்டாள். புரிந்தும் இருக்கும். மூலையில் மரக்கட்டையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்த சரணைக் காட்டினாள்.

"இவன இப்டி ஆக்குனது நானு. இதையும் ஆக்கச் சொல்றியா டீச்சரு? கயித்த மீறி எம் புள்ள போச்சுன்னா நீ வந்து நிப்பியா?"

டீச்சர் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலையும் இரண்டு மனமாக நின்றாள். "ஒரு நாள் ஆவல. அதுக்குள்ள மீறச் சொல்றீங்களே, இன்னா டாக்டரு அவுங்க?"

தேவிக்கு மறுபடி வயிறு இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். மருந்தைப் பற்றி இனிமேல் பேசிப் பயனில்லை என்று தோன்றியது. அவள் பயம் மருந்தில் இல்லை, மணிக்கட்டில் இருந்தது. "யார் கட்டினாங்களோ அவரையே கேட்போம். கோயில் ஆஸ்பத்திரி போற வழிதான். ஏறு ஆட்டோல" என்றேன். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டாள்; அஞ்சலையும் எங்களோடு ஏறினாள். டீச்சர் சரணைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் போட உட்கார்ந்தார்.

ரோட்டில் வழக்கம்போல டிரெய்லர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஆட்டோக்காரர் சந்து சந்தாகப் புகுந்து போனார். கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகளுக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை போட்ட சின்ன அம்மன் கோயில். பூசாரி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"கயித்த அவுக்கறதா? இன்னாமா, வெளாட்டா? யார் சொன்னது?"

"டாக்டரம்மா சொன்னாங்க."

"டாக்டரம்மாவா கயிறு கட்னாங்க?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "அண்ணே, கிரேன்ல பொட்டியத் தூக்கிப் பாதி ஒசரத்துல நிக்கும்போது சட்டுனு கரண்ட நிறுத்தினா இன்னா ஆவும்?"

"ஆடும். பிரேக்கு புடிக்கலன்னா வுழும்."

"அந்தப் பொட்டிதான் அண்ணே இவ வயித்துல ஆடிக்கிட்டு இருக்கு. மெதுவா எறக்கணும்னுதான் சொல்றாங்க. வேணாம்னு யாரும் சொல்லல."

அது சரியான உவமைதானா என்று நான் இன்று வரை டாக்டரம்மாவிடம் கேட்கவில்லை. பூசாரி பேப்பரை மடித்து வைத்தார். தேவியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவள் அம்மனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக்க முடியாது. அவுத்தா அது சும்மா நூலு. ஆனா ஒண்ணு கீது. கட்டினவனுக்கு ஒடம்பு முடியலன்னா வூட்ல ஒருத்தரு வாங்கி மாத்திக் கட்டிப்பாங்க. மிச்ச நாளு அவுங்க கணக்கு."

"நான் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"நீ அந்த வூடா? சரி, இன்னாத்த வுடுவ?"

"டீ."

"டீயா! யம்மா, இது இன்னா, பரீட்சைக்கு நேந்துக்கற மாதிரியா? வுடறது வலிக்கணும். வலிக்காததுக்கு எதுக்குக் கயிறு?"

அந்தப் பேச்சு நடக்கும்போதெல்லாம் அஞ்சலையின் வலது கன்னம் உப்பியிருந்தது. வெற்றிலையோடு புகையிலை. அவள் வாயில் அது இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. சமைக்கும்போதும் இருக்கும், சண்டை போடும்போதும் இருக்கும். பூசாரி அவளைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. தேவி மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

அஞ்சலை வெளியே போய்ப் பாறையோரம் துப்பிவிட்டு வந்தாள். இடுப்பிலிருந்த புகையிலைச் சுருக்குப்பையை எடுத்துப் பூசாரியின் நாற்காலியில் வைத்தாள். கையை நீட்டினாள்.

"கட்டு."

"அத்த, உன்னால முடியாது" என்றாள் தேவி.

"நேத்து உன்னால முடியும்னு நா சொன்னேன். நீ வாயத் தொறந்தியா? இப்ப மட்டும் இன்னா பேச்சு? கைய காட்டுடி."

கயிறு கை மாறியது. தேவி ஒரு மாதிரி மூச்சு விட்டாள். அதன் பிறகு ஆட்டோவில் ஏறும்படி அவளிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடனே படுக்க வைத்தார்கள். உள்ளே குழந்தையின் இதயம் மிக வேகமாக அடிப்பதாகச் சொன்னார்கள். மருந்து கொடுத்தார்கள். வயிறு இறுகுவது குறைய நேரம் ஆனது; அது வரை டாக்டரம்மா எதையும் உறுதியாகச் சொல்லவில்லை. மாலையில்தான் அந்த உதை, சாதாரணக் குழந்தை உதைக்கிற உதையாக ஆயிற்று. அஞ்சலை மருமகளின் வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று அவள் சொன்னதை யாரும் அவளுக்கு ஞாபகப்படுத்தவில்லை.

மறுநாள் நான் போனபோது வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேனோடு ஏற்கெனவே சண்டை போட்டு முடித்திருந்தாள். வாயில் கொஞ்சம் சீரகத்தைப் போட்டு மென்றுகொண்டிருந்தாள்.

"பிலோ, தல வெடிச்சிரும் போல கீது. யாராச்சும் மொகத்தக் காட்டினா அடிக்கணும்னு தோணுது. வெறும் பொகையில. அதுக்கே இப்டி." முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நேத்து வெடிகாலைல அவ கொட்டாவி வுட்டுகினு படுத்துகினு இருந்தா. சோம்பேறி, ஏந்திரிடீன்னு காலால எத்தி எழுப்பினேன். கேசரி கிண்டணும்னு."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மோகன் வயித்துல இருந்தப்பவும் நா இத்தப் போட்டுகினுதான் இருந்தேன். அவன் எலிக்குஞ்சு மாதிரி பொறந்தான். ஒருத்தரும் என்னிய ஒரு வார்த்த கேக்கல."

ஆறுதல் சொல்லத் தெரியாத இடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதும் நம் வேலைதான். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்க மாட்டார்கள்.

தேவிக்குப் பிரசவம் வரை ஆஸ்பத்திரி மருந்து ஓடியது. ஷெட்டுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. கடலிலிருந்து வந்த மோகனிடம் எல்லாவற்றையும் அஞ்சலையே சொன்னாள். அவன் கத்த வாயெடுத்தபோது, "முழுசும் கேட்டுட்டுக் கத்துடா" என்றாளாம். அந்த மண்டலம் முழுக்க அவள் வீட்டில் பாத்திரம் பறந்ததாகவும் கேள்வி. ஆனால் புகையிலையைத் தொடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. கொஞ்சம் முன்னதாகத்தான், ஆனால் பயப்படும்படி இல்லை. என்ன வரும் என்று வார்டில் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்தது. அதனால் பிறந்ததிலிருந்தே கண்காணித்தார்கள், தாயின் மார்போடு சேர்த்து வைத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்களை அஞ்சலை வாசலிலேயே மறித்தாள். "கைய தட்டாத. சொடக்குப் போடாத. கொலுச கழட்டிட்டு உள்ள போ. தூக்கணும்னு கேட்ட, அவ்ளோதான்." ஒரு பெரியம்மா கோபித்துக்கொண்டு திரும்பியே போய்விட்டாள்.

நடுக்கம் வந்தது. வராமல் இருக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அத்தனை செய்தோமே என்று. ஆனால் ஆஸ்பத்திரி மருந்தும் கொடியோடு நின்றுவிடுகிற மருந்துதான். இரண்டாம் நாள் நான் கட்டிலருகே நின்றிருக்கும்போது அந்தப் பெண் குழந்தை அழ ஆரம்பித்தது. மெல்லிய, கூரான அழுகை. ஒரு பக்கக் கை தனியாகத் துடித்தது.

தேவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரணைக் கைக்குழந்தையிலேயே வீட்டுக்குப் போய்ப் பார்த்தவள், அந்த அழுகையைக் கேட்டவள் நான் என்பதால் என்னைத்தான் கேட்டாள்.

"பிலோக்கா, உண்மையச் சொல்லு. சரண் மாதிரியே அழுவுதா?"

இல்லை என்று சொல்லலாம். ஒரு வினாடி நாக்கு நுனி வரை வந்தது. டாக்டரம்மா வந்து சொல்லட்டும் என்று நழுவலாம்.

"ஆமா தேவி. அதே மாதிரிதான்."

அவள் உடைந்துவிடுவாள் என்று கையைப் பிடிக்கப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, குழந்தையின் துடிக்கிற கையைத் தன் நெஞ்சுக்கும் அதன் நெஞ்சுக்கும் நடுவில் மடித்து, மேலே சேலையை இறுக்கிச் சுற்றினாள். ஆட்டவில்லை. தட்டவில்லை. பேசவில்லை. மூச்சை மட்டும் மெதுவாக விட்டாள்.

"நர்ஸக்காவக் கூப்பிடு" என்றாள், உதடு மட்டும் அசைய. "சத்தம் போடாம போ."